தகைவிலானும் காலராக் கிருமியும்

என் லேப் வேலையில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள ஒரு நாள் உண்டு. விழிஞ்ஞத்தில் கட்டட வேலை செய்யும் ஓர் இளைஞனை எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வயிற்றால் கஞ்சித்தண்ணீர் போலப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டூல் சாம்பிளைக் கொண்டுவந்தவர் அவனுடைய அண்ணன், தென்காசிக்காரர்.

"நாங்க தங்கியிருக்க கேம்ப்ல இன்னும் ரெண்டு பேருக்கு ஆரம்பிச்சிட்டு மேடம். எல்லாரும் ஒரே டேங்க் தண்ணிதான் குடிக்கோம்" என்றார்.

உடனே ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சாயம் போடாத ஸ்லைடில் நிறம் தெரியாது, அசைவுதான் தெரியும். விர்ரென்று ஒரு பாய்ச்சல், சட்டென்று ஒரு திருப்பம், மறுபடி பாய்ச்சல். அட, தகைவிலான்! வெள்ளாயணி ஏரியில் பறந்தபடியே பூச்சி பிடிக்கும் அந்தக் குருவியை ஞாயிறுதோறும் பார்க்கிறவள் நான். வெயிலுக்கு எதிரே நிறம் தெரியாவிட்டாலும் பறக்கிற தோரணையிலேயே சொல்லிவிடுவேன். காலராக் கிருமியும் இப்படித்தான் பாயும்.

"டாக்டர், தகைவிலான் மாதிரி பாயறது. இது காலராதான். டேங்கை மூடச் சொல்லுங்கோ."

எங்கள் லேப் தலைவரான அந்த டாக்டர் மலையாளி. சிரித்துவிட்டார். "எந்தா மேடம், பறவையும் பாக்டீரியாவும் ஒண்ணா? கிருமியை வளர்த்திப் பாக்கற கல்ச்சர் நாளைக்கு வரட்டே. தப்பாப் போனா ஊரே பேடிச்சு, பயந்து போகும், அல்லே?"

அவர் கேட்டதும் நியாயம்தான். ஒன்றுக்கு எலும்பு, இறகு, இதயம் எல்லாம் உண்டு. மற்றதற்கு ஒரே செல், ஒரே வால். குருவி நாள்கணக்கில் அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். கிருமியோ சோறு வேகிற நேரத்தில் இரண்டாகிவிடும். அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்குள்ள கேம்பே படுத்துடும் டாக்டர். காலராக் கிருமியை மட்டும் முடக்கற ஆன்டிசீரம் போடறேன். காலராவா இருந்தா ஓட்டம் நின்னுடும். நீங்களே பாருங்கோ."

புது ஸ்லைடில் கலந்து கொடுத்தேன். அவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"நின்னுபோச்சு! எல்லாம் நின்னுபோச்சு மேடம்!" என்று கத்திக்கொண்டே போனை எடுத்தார். அன்று மத்தியானமே டேங்கை அடைத்தார்கள். லாரியில் குளோரின் போட்ட தண்ணீர் போனது.

மறுநாள் கல்ச்சரும் காலரா என்றது. சந்தோஷம் தாங்காமல் மேஜையில் தாளம் போட்டேன்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களே, கண்ணில் ஒன்று பட்டால் வாயைத் திறந்து சொல்லுங்கள். கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். ஆனால் சொன்ன கையோடு அதை நிரூபிக்கிற சோதனையையும் செய்துவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்து அந்த அண்ணன், தேறிவிட்ட தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"மேடம், கேம்ப்ல ஒரு உசிரும் போகல. எல்லாவனும் வரிசையில நின்னு சோறு வாங்கித் திங்கான்!"