ஜீப்பு முள்ளும் அம்சவள்ளியின் சுண்ணாம்பு டப்பியும்

செலியமேட்டு இருசப்பனுக்கு ஆயுசில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. உட்கார்ந்துகொண்டு வேலை செய்ய வேண்டும். சிரிக்காதீர்கள். விடியலில் குனிந்த முதுகு பொழுது சாய்ந்துதான் நிமிரும் என்கிற சேரியில் பிறந்து பார்த்தால் தெரியும், அது எவ்வளவு பெரிய ஆசை என்று. அதற்காகவே உலகச் சண்டைக் காலத்தில் பிரெஞ்சுக்காரன் எல்லை தாண்டிக் கடலூருக்குப் போய் இங்கிலீஷ்காரன் பட்டாளத்தில் சேர்ந்தான். அஸ்ஸாம் பக்கத்து மலைச் சேற்றில் மூன்று வருஷம் லாரி ஓட்டினான். ரிப்பேர் வேலையும் கற்றுக்கொண்டு, சண்டை முடிந்து நாற்பத்தாறாம் வருஷம் ஊர் திரும்பினான்.

அந்த வருஷம்தான் பாகூர்ப் பண்ணையார் தங்கவேல், பட்டாளத்தார் ஓட்டித் தேய்த்த ஜீப்பு ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தார். கரும்புக் கொல்லைச் சேறு, பெண்ணையாற்று மணல், ஏரிக்கரை மேடு, எங்கே விட்டாலும் போகும். ஓட்டத்தான் ஆள் கிடைக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் அந்த வண்டியின் சூட்சுமம் தெரிந்தவன் இருசப்பன் ஒருவனே. பண்ணையார் பல்லைக் கடித்துக்கொண்டு அவனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்தார். ஆண்டைக்குப் பக்கத்தில், அதே முன் வரிசையில்! ஊருக்கு வயிறு எரிந்தது. இருசப்பனுக்கோ கால் தரையில் பாவவில்லை.

ஆறு மாதம் ராஜா மாதிரி இருந்தான். அப்புறம் பெட்ரோல் காட்டுகிற முள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. சாயங்காலம் இரண்டு டின் ஊற்றினால் முள் பாதிக்கு ஏறும். காலையில் பார்த்தால் அடியில் படுத்திருக்கும்.

பண்ணையாரின் அக்காள் மகன் பலராமன் இதற்காகவே காத்திருந்தவன். "நின்ன எடத்துல வண்டி எண்ணெய் குடிக்குமா மாமா? எல்லைக்கு அந்தாண்ட பெட்ரோலுக்குப் பறக்குறானுங்க. இவன் ராத்திரியோட ராத்திரியா கொண்டும்போயி ஊத்திட்டு வரான்" என்று ஓதினான்.

இருசப்பன் பதறிப்போனான். ஒரு மூங்கில் குச்சியை டாங்குக்குள் விட்டு எடுத்து, பாதிவரை நனைந்திருந்ததைக் காட்டினான். "பாருங்க ஆண்டே, எண்ணெ அப்பிடியே இருக்குது. முள்ளுதான் கெட்டுப்போச்சு."

"குச்சி நீ வெட்டுனது. முள்ளு வெள்ளைக்காரன் வச்சது. எதுடா பொய் சொல்லும்?" என்றார் பண்ணையார்.

அட கிரகமே! ஓட்டுகிற சீட்டைத் தூக்கினால் கீழே டாங்கு. மூடியைத் திறந்து ஒரு முழம் குனிந்து பார்த்தால் விஷயம் முடிந்தது. அந்த ஒரு முழம் குனிய அவருக்கு மனசில்லை.

அந்தப் பக்கத்தில் திருட்டுப் பழி விழுந்தால் திரௌபதை அம்மன் எதிரில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வது வழக்கம். செய்துவிட்டால் பேச்சு அத்தோடு தீர்ந்தது. "நானும் அணைக்கிறேன் ஆண்டே" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான் இருசப்பன்.

பலராமன் விழுந்து விழுந்து சிரித்தான். "கோயிலுக்குள்ள நீ எப்பிடிடா வருவ?"

"வெளியில நின்னு பண்றேன், சின்ன ஆண்டே."

"வெளியில பண்றதெல்லாம் அம்மன் கணக்குல சேராது. போடா."

ஆக, அவன் வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை, குச்சிக்கு மதிப்பில்லை, சத்தியத்துக்கு இடமே இல்லை. முள்ளை நிமிர்த்திக் காட்டுவது ஒன்றுதான் பாக்கி. காட்டாவிட்டால் திருடன் என்ற பெயரோடு மறுபடியும் கரும்புக் கொல்லைதான்.

சீட்டைத் தூக்கினான். டாங்கின் மேலிருந்த ஐந்து திருகாணிகளைக் கழற்றி, உள்ளே தொங்கிய கம்பியை வெளியே எடுத்தான். நுனியில் ஒரு தக்கை. பெட்ரோல் ஏறினால் மிதந்து ஏறி, இறங்கினால் இறங்கி, முள்ளுக்குச் சேதி சொல்வது அதுதான். மேலே பூசியிருந்த அரக்கு உதிர்ந்து, தக்கை பெட்ரோலில் ஊறிக் கனத்துக் கிடந்தது. பிறகு எங்கே மிதக்கும்? ஓடிப்போய்ப் பனித்திட்டு மீனவர்களிடம் வலைத் தக்கை ஒன்று வாங்கி வந்து கட்டினான். இரண்டாம் நாளே அதுவும் ஊறி மூழ்கியது.

வீட்டுக்கு வந்தவன் கண் பெண்டாட்டி மடியில் நின்றது. அம்சவள்ளியின் பித்தளைச் சுண்ணாம்பு டப்பி. மெல்லிசுத் தகடு, உள்ளங்கைக்குள் அடங்கும். அவள் அம்மா சாகும்போது கொடுத்தது. அந்த வீட்டில் உலோகம் என்று சொல்ல அரிவாளை விட்டால் அது ஒன்றுதான்.

"அதைக் குடுத்துட்டு சுண்ணாம்ப எதுல வெக்கட்டும்? உந்தலையிலயா?" என்று சீறினாள்.

"எம்பேரு போவுதுடி."

அவள் டப்பியை மடியிலிருந்து எடுத்தாள். சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, சாம்பல் போட்டுத் துலக்கி, முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

மூடியைச் சுற்றி ஈயம் பற்றவைத்தான். தண்ணீர்ப் பானைக்குள் அமுக்கி, ஒரு குமிழிகூட வரவில்லை என்று பார்த்தான். கம்பியில் கட்டி டாங்கில் இறக்கினான். அடியில் படுத்திருந்த முள் மெல்ல எழுந்து பாதியில் போய் நின்றது. இருசப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்று நாள் பார்த்தான், முள் அசையவில்லை. நாலாம் நாள் பண்ணையார் எதிரில், களத்து ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க, ஒரு டின் ஊற்றினான். முள் ஏறியது. ஒரு டின் உறிஞ்சி எடுத்தான். முள் இறங்கியது. "பாத்தீங்களா ஆண்டே? நான் எடுக்கல ஆண்டே!"

பண்ணையார் மருமகன் பக்கம் திரும்பினார். பலராமன்தான் வாயைத் திறந்தான். "சரி பண்ணத் தெரிஞ்சவனுக்குக் கெடுக்கத் தெரியாதா மாமா? இத்தினி நாளா இவனேதான் முள்ள எறக்கி வச்சிருக்கான்."

திருடுகிறவன் முள்ளை ஏற்றி வைப்பானா, இறக்கி வைப்பானா? அதைக் கேட்க அந்தக் களத்தில் ஒரு நாதி இல்லை. பண்ணையாருக்கும் தப்பிக்க ஒரு வழி வேண்டியிருந்தது. கையை நீட்டினார்.

"சாவியப் பலராமங்கிட்டக் குடு. அவனுக்கும் ஓட்ட வருது."

வராமல் என்ன? ஆறு மாதமாகச் சொல்லிக்கொடுத்தவனே இருசப்பன்தானே! சாவியைக் கொடுத்தான். நாலு எட்டு நடந்தவன் திரும்பி வந்தான்.

"ஆண்டே, உள்ள இருக்கற டப்பி எம் பொண்டாட்டிது. அத மட்டும் கழட்டிக்கிறேன்."

"அதக் கழட்டிட்டா முள்ளு எப்பிடிடா வேலை செய்யும்?" என்றார் பண்ணையார்.

அதற்கப்புறம் இருசப்பன் எந்த வண்டியிலும் ஏறவில்லை. கரும்பு வெட்டினான், நடவுக்குச் சேறு மிதித்தான், முதுகு கூன் விழுந்து செத்தான். அம்சவள்ளி கடைசிவரை கொட்டாங்கச்சியில்தான் சுண்ணாம்பு வைத்திருந்தாள். அவன் இருந்த நாளில், இருவரும் கரும்பு வெட்டும்போது கொல்லை ஓரம் ஜீப்புச் சத்தம் கேட்டால் அவள் மட்டும் நிமிர்ந்து பார்ப்பாள். பண்ணையார் முள்ளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் இருக்குது, போ" என்று பலராமனிடம் சொல்வது காதில் விழும்.

"போவுது பாருய்யா, என் டப்பி" என்பாள் அவள். இருசப்பன் குனிந்தபடியே அடுத்த கரும்பை வெட்டுவான்.