வண்டிகளுக்குப் பின்னால் மூன்று மான்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூர் பீன்யாவில் மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். ஆனேக்கல்லுக்கு அப்பால் உள்ள காட்டில் மான் கணக்கெடுக்க ஆட்கள் தேவை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பேர் கொடுத்துவிட்டேன்.

"மானை எண்ணி நீ என்ன பண்ணப் போற?" என்று கணவர் கேட்டார். கல்யாணமாகி ஒக்கலிபுரத்துக்கு வந்த ஆறு வருடத்தில், வேலைக்கும் அம்மா வீட்டுக்கும் தவிர நான் வேறெங்கும் போனதில்லை. அதுதான் காரணமாக இருந்திருக்கும்.

அவ்வளவு கூட்டத்தை வனத்துறைக்காரர்களே எதிர்பார்க்கவில்லை. கல்லூரி மாணவர்கள், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், கேமராவோடு வந்தவர்கள். காட்டு வாசலை ஒட்டிய மைதானம் முழுக்க வேனும் காருமாக நின்றன. எல்லோரும் இங்கிலீஷில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் என் டிபன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். எங்கள் குழுவுக்கு வழிகாட்ட வந்த வனத்துறை வாட்சருக்கு என் வயதுதான் இருக்கும். ஆனேக்கல் பக்கத்துக்காரர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். அவரோடு மட்டும்தான் எனக்குப் பேச்சு.

முதல் நாள் கண்ணில் பட்டதெல்லாம் பெட்டை மான்களும் குட்டிகளும்தான். விரல் நீளத்துக்குக் கொம்பு முளைத்த இளசுகள் சில இருந்தன. முதிர்ந்த ஆண் ஒன்றுகூட இல்லை. மற்ற குழுக்களுக்கும் அதே கதை. சாயங்காலம் தாள்களைப் புரட்டிப் பார்த்த ரேஞ்சர் முகம் இறுகிப் போனது.

"எல்லாத்தையும் யாராவது வேட்டையாடிட்டாங்களா?" என்று வாட்சரிடம் கேட்டேன்.

"கம்பிக் கண்ணி வெக்கிறவங்க இருக்காங்கம்மா, இல்லேன்னு சொல்லல. ஆனா அத்தனையுமா போயிடும்? இவ்ளோ ஜனம் உள்ள வந்தா பெரிய கொம்பு இருக்கறது எதுவும் நம்ம எதிர்ல வந்து நிக்காது."

இரண்டாம் நாள் புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் கொப்புளம். நடக்க முடியவில்லை. என்னை வாசலிலேயே விட்டுவிட்டு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். பெண்களுக்குக் கழிப்பிடம் என்று அங்கே எதுவும் கிடையாது. வெகுநேரம் அடக்கிப் பார்த்துவிட்டு, நிறுத்தியிருந்த வண்டிகளுக்குப் பின்னால் இருந்த உன்னிச்செடிப் புதருக்குள் நுழைந்தேன். அதற்கு அந்தப் பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒன்று இருந்தது.

பத்தடி போயிருப்பேன். காய்ந்த கிளைகள் என்று நினைத்தது அசைந்தது.

மூன்று ஆண் மான்கள் நிழலில் படுத்திருந்தன. நடுவில் இருந்ததன் கழுத்து தடித்துக் கறுத்திருந்தது. கொம்பு மட்டும் என் கை நீளம் இருக்கும். மூன்றும் என்னைப் பார்த்தன. எழுந்திருக்கவில்லை. நானும் அசையவில்லை. பிறகுதான் கவனித்தேன். பெரியதன் முன்னங்காலில் ஒரு கம்பி இறுகிச் சதைக்குள் புதைந்திருந்தது. ஈ மொய்த்தது. அது வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஓசைப்படாமல் பின்வாங்கினேன். வாட்சர் வரும்வரை காத்திருந்து அவரிடம் மட்டும் சொல்லியிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மத்தியானம் எல்லோரும் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது, எங்கள் குழுவில் இருந்த கேமராப் பை மாட்டிய இளைஞன், "நீங்க ரெஸ்ட் எடுத்தீங்களா, ஆன்ட்டி?" என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குள் ஏதோ பொங்கிவிட்டது.

"நான் மூணு பார்த்தேன். பெரிய கொம்பு. இதோ, வண்டிக்குப் பின்னாடி."

இரண்டு நாளில் முதல் முறையாக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த நிமிடம் ஓடினார்கள்.

"ஓடபேடி! ஓடபேடி!" ஓடாதீர்கள் என்று வாட்சர் கன்னடத்தில் கத்தினார். யாரும் நிற்கவில்லை. புதர் சடசடத்தது. இரண்டு மான்கள் சாலையைத் தாண்டிக் காட்டுக்குள் பாய்ந்தன. மூன்றாவது மூன்று காலில் எதிர்ப்பக்கம் போனது. கல் சரியும் சத்தம் கேட்டது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

வாட்சர் குவாரிக்குள் இறங்கினார். வெகுநேரம் கழித்து மேலே பார்த்துக் கையை மட்டும் அசைத்தார்.

கூட்டம் கலையத் தொடங்கியது. இளைஞன் கேமராவைப் பைக்குள் வைத்து மூடினான். ஒரு மாணவி அழுதாள். என்னை யாரும் குற்றம் சொல்லவில்லை.

இறந்த மானை அளந்து எழுதிவிட்டு, கொம்பு யார் கைக்கும் போகாமல் அங்கேயே எரித்துவிட வேண்டும் என்றார் ரேஞ்சர். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் கேட்டார். அளப்பது என் தொழில். போய்ப் பிடித்தேன். கொம்பின் அடிப்பகுதி சொரசொரப்பாகவும் இன்னும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. இரண்டு தடவை அளந்தோம்.

டீசல் ஊற்றிக் கொளுத்தினார்கள். வாட்சர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னாலதான," என்றேன்.

"கால் அழுகிடுச்சும்மா. எப்படியும் ரொம்ப நாள் தாங்கியிருக்காது," என்றார். ஒரு கட்டையைத் தீக்குள் தள்ளிவிட்டு, "ஆனா மிருக டாக்டர் வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாது," என்றும் சொன்னார். பொய் சொல்லாமல் விட்டாரே என்று இன்றுவரை அவர்மேல் எனக்கு மரியாதை.

வீட்டுக்கு வந்து குளித்தும் டீசல் வாடை போகவில்லை. "மான் பார்த்தியா?" என்று கணவர் கேட்டார். பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். நடந்ததைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. அவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

மறு வருடமும் போனேன். யாரும் கேட்காத அந்த வாசல் பக்கத்தையே எண்ணுவதற்கு எனக்குக் கொடுக்கச் சொன்னேன். குவாரி விளிம்பில் வேலி போட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் காலை, பழைய வேன் ஒன்றின் பின்னால், ஒரு பெரிய ஆண் தலையைத் தாழ்த்தி மேய்ந்துகொண்டிருந்தது. கால்கள் நான்கையும் பார்த்தேன். கம்பி எதுவும் இல்லை. தாளில் ஒரு கோடு போட்டு, மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்து, யார் என்ன பார்த்தார்கள் என்று பேசினார்கள். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.