காக்காய் விரட்டிய சிடி

கும்மிடிப்பூண்டி ஃபேக்டரியில் வேலை செய்யும் என் கணவரும் நானும் ஞாயிறு காலையில் கம்ப்யூட்டரில் பழைய கார் ரேஸ் விளையாடுவோம். தோற்பவர் மாடியில் காயும் வடகத்துக்குக் காவல். அவர் தோற்றால் மட்டும், "கார் திக்கித் திக்கிப் போவுது, நான் இன்னா பண்றது? இந்த ஆட்டம் செல்லாது" என்பார்.

அந்தச் சாக்கை ஒழிக்க, ஒரு சனிக்கிழமை நானே பிரவுசிங் சென்டரில், திரையில் படம் ஓடவைக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரைப் புதிதாக இறக்கி வந்து போட்டேன். எங்கள் மாடலுக்கு உரியதா என்று பார்க்கவில்லை. திரை நிறமிழந்து, எழுத்துகள் பூதாகாரமாகிவிட்டன. போனஸில் வாங்கிய கம்ப்யூட்டர்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "வாங்கும்போது டிரைவர் சிடி ஒண்ணு குடுத்தேனே, அத்தப் போடுக்கா. விண்டோஸ் மாத்தினப்புறம் யாரும் அத்தப் போடவே இல்ல போல. அதான் திக்குது."

அந்த சிடி மாடியில் ஆடிக்கொண்டிருந்தது. தோற்றாலும் என் கணவர் காவலுக்குப் போகாததால், காக்காய் விரட்டப் பளபளப்பாக இருக்கிறதே என்று நான்தான் கயிற்றில் கட்டியிருந்தேன். அவிழ்த்து, முந்தானையால் துடைத்துப் போட்டேன். நிறம் திரும்பியது. காரும் வழுக்கிக்கொண்டு ஓடியது.

மறுநாள் மூன்று ரேஸிலும் அவர் தோற்றார்.

"இன்னாங்க, இப்பவும் கம்ப்யூட்டர்தானா?"

எழுந்து மாடியேறினார்.

இப்போதெல்லாம் மாடல் பெயரைப் பார்க்காமல் எந்த டிரைவரையும் நான் போடுவதில்லை. சிடி, ரேஷன் கார்டோடு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அது ஆடிய இடத்தில், ஞாயிறுதோறும் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

— ஒரு வாசகி, மணவாள நகர்