தகனசாலையில் தெரிந்த பெயர்

என்னை வளர்த்தவர் ராசம்மா சின்னம்மா. பெரகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். வேலையை விட்ட பிறகு பதுளையில் எங்களோடுதான் இருந்தார். போன மழைக்காலத்தில் அவர் இறந்தபோது, தகனசாலைக்கு இப்போது ஆன்லைனிலேயே நேரம் பதியலாம் என்றார்கள். அழுதுகொண்டே போனில் பதிந்தேன். அலையத் தேவையில்லை என்று அந்த நேரத்திலும் ஓர் ஆறுதல்.

அங்கே போனதும், சின்னம்மாவின் அடையாள அட்டையைக் கொடுத்து என் கணவர் வாங்கி வந்த மரணச் சான்றிதழையும் என் பதிவையும் ஊழியர் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க ராசம்மான்னு போட்டிருக்கீங்க. இதுல முத்தாயின்னு இருக்கே. அது யாருங்க?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் நேரம் அடுத்த குடும்பத்துக்குப் போனது. பதிவைத் திருத்தி முடிக்கும்வரை சின்னம்மா தூறலில், வாசலில் நின்ற வண்டியிலேயே கிடந்தார்.

அவரோடு கொழுந்து பறித்த ஓர் அம்மா வந்து என் கையைப் பிடித்தார்.

"என் பேரும் முத்தாயிதாம்மா. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல பேரு கூப்புட்டா ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நிப்போம். கொழப்பமா இருக்குன்னு கங்காணிதான் இவுங்கள ராசம்மாவாக்கிட்டாரு."

"எங்கிட்ட ஒருநாளும் சொல்லலியே?"

"யாரு கேட்டா?"

இப்போது யாருக்காக எதைப் பதிந்தாலும் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துத்தான் பெயரைத் தட்டுகிறேன்.

பதினாறாம் நாள் சின்னம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று, "முத்தாயி சின்னம்மா" என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். வேறு யாரையோ கூப்பிட்டது போல இருந்தது.