ஒரு தரம் சொன்ன "வேண்டாம்"

நோபல் பார்க் என்ற புறநகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சுவீடன்காரர். அவர் மனைவி சீனப் பெண். இரு குடும்பமும் கடற்கரைக்குப் போயிருந்தோம். பெண்கள் நடக்கப் போனதும், அவர் நடுவில் மீன் வைத்த பாண் ரொட்டித் துண்டுகளை என்னிடம் நீட்டினார். கூச்சத்தில் "வேண்டாம்" என்றேன். நம்மவர்கள் போல இன்னும் இரண்டு தரம் கேட்பார் என்றிருந்தேன். அவரோ தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டார்.

நான் சீனி வருத்தக்காரன், சர்க்கரை நோயாளி. காலையில் சாப்பிடாமலே மாத்திரையும் போட்டிருந்தேன். சிறிது நேரத்தில் கண் இருட்டியது. திரும்பி வந்த பெண்கள் பதறிப்போய்ப் பழச்சாறு தந்தார்கள்.

"ஓமெண்டு சொன்னா வாயில இருக்கிற முத்து கொட்டுப்பட்டிடுமோ?" என்றாள், நான் பாணை மறுத்த கதையைக் கேட்ட என் மனைவி.

பிறகு சீனப் பெண் இறைச்சிக் கொழுக்கட்டை வைத்தார். ஆறாவதில் "வேண்டாம்" என்றேன். பதினொன்றில்தான் விட்டார்.

இப்போது சுவீடன்காரர் எதை நீட்டினாலும் முதல் தரமே வாங்கிக்கொள்கிறேன். அவர் மனைவியிடம் மட்டும், பாதி வயிறு நிறையும்போதே "வேண்டாம்" சொல்லத் தொடங்கிவிடுகிறேன்.