எடைமேடையிலிருந்து இறங்கியவர்

லாரிக்காரர்கள் அவரைக் கிலோ என்று கூப்பிடுவார்கள். மரக்கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே இருக்கிற எடைமேடையில் இருபத்தாறு வருஷமாக லாரிகளுக்கு எடை போடுகிறவர். அந்த வேலையை அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. முன்பு இருந்தவர் சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போனார். மற்றதையெல்லாம் இவரே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். மழை விட்ட பிறகு இரும்புத் தட்டில் நிற்கிற தண்ணீர் எத்தனை கிலோ கூட்டிக் காட்டும், தட்டின் விளிம்பில் ஒரு கூழாங்கல் மாட்டிக்கொண்டால் எத்தனை கிலோ குறையும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதக்காரர். லாரி மேடை ஏறியதும் டிரைவர் இறங்கிவிட வேண்டும், கிளீனரும் இறங்கிவிட வேண்டும். சரக்கை விற்கிறவரின் ஆளும் வாங்குகிறவரின் ஆளும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சீட்டு அடிப்பார்.

"நான் ஒருத்தன் உக்காந்திருந்தா உங்க மேடை உடைஞ்சிருமா அண்ணே?" என்று டிரைவர்கள் சலித்துக்கொள்வார்கள்.

"உடையாது. இறங்கு. நீ எடை போட வந்த சரக்கு இல்லை."

"சரி, என் பொண்டாட்டி ஏத்திவிட்ட பாரத்தையாவது மேல விட்டுட்டு வரவா?"

"அதுக்குத் தனிச் சீட்டு வாங்கணும்."

இப்படிப்பட்டவர் பெரிய ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவில் உறுப்பினரானதற்கு ஓர் எடை மெஷின்தான் காரணம். மனைவியின் முழங்கால் வலிக்காக அங்கே போயிருந்தபோது, வெளிநோயாளிப் பிரிவில் இருந்த மெஷின் கூட்டிக் காட்டுகிறது என்று அவருக்குச் சந்தேகம். அடுத்த வாரம் முத்திரை போட்ட இருபது கிலோ படிக்கல்லைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு போய் வைத்துப் பார்த்தார். இருபத்திரண்டரை காட்டியது. 'எடை பார்த்துத்தானே மருந்தின் அளவு சொல்கிறீர்கள்?' என்று ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மெஷினை மாற்றினார்கள். மனிதர்களை வைத்துச் செய்கிற ஆராய்ச்சிக்கெல்லாம் அந்தக் குழுதான் அனுமதி தர வேண்டும். அதில் மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த இடம் காலியானபோது கண்காணிப்பாளருக்குப் படிக்கல்லோடு வந்த மனிதரின் ஞாபகம் வந்தது.

குழுவில் மொத்தம் ஏழு பேர். மாதத்தில் ஒரு நாள், நீள மேஜை போட்ட அறையில் கூடுவார்கள். நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் தாள் சாதாரண ஆளுக்குப் புரிகிறதா என்று பார்ப்பது கிலோவின் பொறுப்பு. ஒவ்வொரு தாளையும் வீட்டில் மூன்று முறை வாசிப்பார். புரியாத வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வருவார். நான்கு வருஷம் இப்படிப் போயிற்று.

ஐந்தாவது வருஷம் அந்த முழங்கால் மூட்டு வந்தது. எலும்புத் துறைத் தலைவர் தாமே வடிவமைத்த செயற்கை மூட்டு. அறுபது பேருக்கு வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருடைய உதவி டாக்டர் பெயரில் விண்ணப்பம். துறைத் தலைவரும் அதே குழுவில் ஓர் உறுப்பினர். நல்ல மனிதர். நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து பேசுகிறவர் என்று பேர் வாங்கியவர்.

கிலோ பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "இதுக்கு வரைபடம் போட்டது யாருங்க?"

"நான்தான்," என்றார் துறைத் தலைவர்.

"காலுக்குள்ள வைக்கிறது?"

"நானும் இந்தத் தம்பியும்."

"வச்சப்புறம் எப்படி நடக்கறாங்க, வலி குறைஞ்சிருக்கான்னு பாத்து எழுதறது?"

"அதுவும் நான்தான். என்னைவிட அந்த மூட்டைப் பத்தி வேற யாருக்குத் தெரியும்?"

"தயார் பண்ற கம்பெனி?"

துறைத் தலைவர் இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்தார். "என் மச்சானோடது. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? எனக்கு அதுல ஒரு பங்குகூடக் கிடையாது. கல்யாணத்துல எனக்கு மோதிரம் போட்டதோட சரி, அவன் எதுவும் குடுத்ததில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். சொந்த ஆதாயம் உண்டா என்று கேட்கிற படிவத்தில் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. மச்சானுக்குக் கட்டம் இல்லை. அதனால் துறைத் தலைவர் எல்லாவற்றிலும் 'இல்லை' என்று எழுதியிருந்தார். அதில் ஒரு பொய்யும் இல்லை.

கிலோ இரண்டு திருத்தங்கள் கேட்டார். மூட்டை வடிவமைத்தவரே அறுவை செய்கிறார், அதைத் தயாரிப்பவர் அவருடைய மைத்துனர் என்று நோயாளியின் தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டும். வலியையும் நடையையும் அளக்க வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வர வேண்டும். உறுப்பினர்களில் வக்கீலம்மாவும் புள்ளியியல் ஆசிரியையும் மருந்தாளரும் அவர் பக்கம். குழுத் தலைவர், துறைத் தலைவர், இன்னொரு அறுவை மருத்துவர் ஆகிய மூவரும் தேவையில்லை என்றார்கள். நாலுக்கு மூன்று. கை தூக்கச் சொல்லப்போகிற நேரத்தில், அடுத்த மாதம் முடிவு செய்யலாம் என்று குழுத் தலைவர் தள்ளி வைத்தார்.

அன்றைக்கு எடைமேடைக்குத் திரும்பி வந்தபோது கிலோவுக்கு மனசு லேசாக இருந்தது. ஒரு டிரைவரின் கிண்டலுக்குச் சிரிக்கக்கூடச் செய்தார்.

பத்து நாள் கழித்து, சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள். "என்னங்க, நமக்கு விடிஞ்சிருச்சு."

"என்ன விடிஞ்சிருச்சு?"

"முட்டி ஆபரேஷன். ரெண்டு வருஷமா லிஸ்டுல நிக்கறேன்ல? இன்னிக்கு எக்ஸ்ரே பாத்துட்டு அந்தச் சின்ன டாக்டரே கேட்டாரு. புதுசா ஒண்ணு வருது, சேந்துக்கறீங்களாம்மான்னு. பேர் குடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டு மாசத்துல பண்ணிடுவாங்களாம்."

கிலோ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நீ யாரோட ஆள்னு தெரிஞ்சு கேட்டாங்களா?"

"நான் யார் ஆளு? நான் முட்டி வலிக்கிற ஆளு."

அதைத் தெரிந்துகொள்ள அவருக்குக் கடைசிவரை வழி கிடைக்கவில்லை. தெரிந்து கேட்டிருக்கலாம். வரிசையில் அடுத்து நின்றவள் அவள் என்பதாலும் கேட்டிருக்கலாம்.

குழுவில் பேசியதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். நான்கு வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மறுநாள் காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் முதல்தடவையாகச் சொன்னார். "அந்த மூட்டைப் பெரிய டாக்டரோட மச்சான்தான் செய்யறாரு."

"அப்படியா?" அவள் கத்தியை நிறுத்தி ஒரு நிமிஷம் யோசித்தாள். "அப்ப நல்லதாப் போச்சு. சொந்தக்காரங்கன்னா பேரு கெட்டுடக் கூடாதுன்னு இன்னும் ஒழுங்காச் செய்வாங்க."

எந்த ஒரு வரிக்காக அவர் நீள மேஜையில் மல்லுக்கு நின்றாரோ, அந்த வரியை அவளுக்குச் சொல்லியாகிவிட்டது. அவளோ சந்தோஷப்படுகிறாள்.

"பேரை எடுத்துடலாம்மா. பழைய லிஸ்டுலயே காத்திருப்போம்."

"நீங்க என் முட்டியில ஒரே ஒரு நாள் நடந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க. எடுத்துடறேன்."

கக்கூஸுக்குப் போகக் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்திருப்பதை இரண்டு வருஷமாகப் பார்க்கிறவர் அவர்.

சொந்த ஆதாயப் படிவத்தில் மனைவிக்குக் கட்டம் உண்டு. அதில் 'ஆம்' என்று எழுதினால் அந்த விஷயம் முடியும்வரை அறைக்கு வெளியே போக வேண்டும். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நோயாளிகளின் பெயர் குழுவுக்கு வராது. மூன்று நாள் யோசித்துவிட்டு வக்கீலம்மாவுக்குப் போன் செய்தார்.

வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "நீங்க என்கிட்ட சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சிருச்சு. இதை என்னால மறக்க முடியுமா, சொல்லுங்க."

"மறக்கச் சொல்லிக் கேக்கலம்மா."

"பின்ன எதுக்குப் போன் பண்ணீங்க?"

"வச்சிடறேம்மா," என்று கிலோ போனை வைத்தார்.

கூட்டத்தன்று படிவத்தில் 'மனைவி' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினார். குழுத் தலைவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு நேர்மையா இருக்கறவங்க அபூர்வம். ரொம்ப நன்றி. கொஞ்ச நேரம் வெளியே இருக்கீங்களா?" துறைத் தலைவர் எழுந்து வந்து அவருடைய தோளைத் தொட்டு, "அம்மாவை நான் பாத்துக்கறேன், கவலைப்படாதீங்க," என்றார். அதை அவர் உண்மையாகவே சொன்னார்.

நடையில் ஒரு மரப் பெஞ்சு இருந்தது. எதிரே தண்ணீர்க் குழாய், பக்கத்தில் மூடிய கதவு. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பேரை மேடையிலிருந்து இறக்கிவிட்டவர் அங்கே உட்கார்ந்திருந்தார். இறங்க வேண்டிய இன்னொரு ஆள் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

மூன்றுக்கு மூன்று என்று வந்தது. அப்படி வந்தால் குழுத் தலைவருக்கு இன்னொரு ஓட்டு. திருத்தம் இல்லாமல் தாள் அனுமதி பெற்றது.

மனைவிக்கு அறுவை நடந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது, நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள். மூன்றாம் மாதம் சோதனைக்கு அவரும் கூடப் போனார். துறைத் தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா. பத்து மார்க்குக்கு வலி எத்தனை? பூஜ்யம்னா வலியே இல்லை. பத்துன்னா தாங்க முடியாது."

"ரெண்டு டாக்டர்."

"படி ஏறும்போது?"

"அதுவும் ரெண்டுதான்."

துறைத் தலைவர் முகம் மலர்ந்து எழுதிக்கொண்டார். கிலோ அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலையில் வாசலில் இருக்கிற மூன்று படிகளை இறங்க அவள் அவருடைய தோளில் தொங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "உண்மையில எத்தனை?"

"ஆறு இருக்கும். ராத்திரில ஏழு."

"பின்ன ஏன் ரெண்டுன்னு சொன்னே?"

"அவ்வளவு பெரிய மனுஷன் பக்கத்துல உக்காந்து கேக்கறாரு. அவரே வெட்டி அவரே வச்சது. மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஆறுன்னு எப்படிங்க சொல்றது? அவரு மனசு என்ன பாடுபடும்?"

"வேற ஆள் வந்து கேட்டிருந்தா?"

"வேற ஆளுன்னா ஆறுன்னு சொல்லியிருப்பேன். அவங்களுக்கு என்ன?"

மறுநாள் அவர் குழு அலுவலகத்துக்குப் போய்ச் செயலாளரிடம் விஷயத்தைச் சொன்னார். செயலாளர் சின்ன வயசுக்காரி, பொறுமையாகக் கேட்டாள். "சார், நோயாளி சொன்னதுதான் பதிவு. அவங்க வந்து மாத்திச் சொன்னா மாத்தலாம். நீங்க சொல்லி மாத்த முடியாது. நீங்க அவங்க வீட்டுக்காரர் ஆச்சே."

மனைவி மாற்றிச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். "என்னைப் பொய்க்காரி ஆக்கறீங்களா?" என்று கேட்டாள். ஆறாம் மாதமும் இரண்டு. ஒரு வருஷம் முடிந்தபோது ஒன்றரை என்றாள்.

அறுபது பேரின் முடிவு குழுவுக்கு வந்த அன்று கிலோ மறுபடியும் 'ஆம்' எழுதிவிட்டு எழுந்தார். மணி பதினொன்று பத்து. பெஞ்சில் உட்கார்ந்ததும் காற்றுக்காகக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார்கள். உதவி டாக்டர் வாசிப்பது கேட்டது. சராசரி வலி, அறுவைக்கு முன் எட்டு. ஒரு வருஷத்துக்குப் பின் ஒன்று புள்ளி எட்டு. மேலும் ஐந்து ஆஸ்பத்திரிகளில் ஆரம்பிக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். வக்கீலம்மா ஏதோ கேட்டார். பதில் சொன்னார்கள். பிறகு மேஜையைத் தட்டும் சத்தம். மற்ற ஐம்பத்தொன்பது பேரும் வீட்டில் எத்தனை சொல்லியிருப்பார்கள் என்று அவர் நினைத்துப் பார்த்தார். உண்மையிலேயே ஒன்றரை உள்ளவர்களும் இருப்பார்கள். யார் யார் என்று யாருக்குத் தெரியும்?

"வாங்க சார், முடிஞ்சுது," என்று செயலாளர் கூப்பிட்டாள்.

நடவடிக்கைக் குறிப்பைக் கையெழுத்துக்காக நீட்டினாள். 'உறுப்பினர் ஒருவர் உறவின் காரணமாக 11.10க்கு வெளியேறி 11.30க்குத் திரும்பினார்' என்று ஒரு வரி. கிலோ கடிகாரத்தைப் பார்த்தார். பென்சிலை எடுத்து 11.30ஐ அடித்து 11.34 என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்.

"நாலு நிமிஷம்தானே சார்," என்றாள் அவள்.

"நாலு நிமிஷம்தாம்மா."

வீட்டு வாசலில் மனைவி சுவரைப் பிடித்தபடி படியில் நின்றிருந்தாள். ஒரு காலைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த காலுக்குப் பலம் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"மீட்டிங்ல என்னங்க சொன்னாங்க?"

"எல்லாருக்கும் நல்லா இருக்காம்."

"நான்தான் சொன்னேன்ல," என்றாள். பிறகு அவர் தோளுக்காகக் கையை நீட்டினாள்.