வேலாயுதம் யாரைக் கூப்பிட்டான்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் கட்டுக்கதை என்று மட்டும் என் காதுபடச் சொல்லாதீர்கள், எனக்குப் பொல்லாத கோபம் வரும். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் 1936ஆம் வருஷம் ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடந்தது இது. நடந்தது தந்தி சிக்னலர் ஸ்டானிஸ்லாஸுக்கு. அவரோடு ஒரே மேசையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

அவருக்கு ஒரே ஒரு சிநேகிதன், வேலாயுதம். அவனும் சிக்னலர்தான். சொந்தமாக ஒரு வயர்லெஸ் நிலையம் வைப்பது என்று இரண்டு பேரும் நாலு வருஷம் கனவு கண்டார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வால்வு வாங்கினார்கள். ஒருநாள் கூட்ஸ் ஷெட் பக்கம் டீ குடிக்கும்போது வேலாயுதம் சொன்னானாம்.

"முதல்ல செத்துப் போறவன் மத்தவனைக் கூப்பிடணும் லா. சாயங்காலம் ஆறே முக்கால். சரியா?"

"சரி" என்றார் இவர்.

அதன் பிறகு வேலாயுதத்துக்குக் கிள்ளானுக்கு மாற்றல் ஆயிற்று. அங்கே மாரிஸ் என்று ஒரு கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, பழக்கமானான். பெரிய காம்பவுண்டு உள்ள வீடு, கையில் தாராளமாகப் பணம். ஆறே மாதத்தில் நிலையத்துக்கு லைசென்ஸ் வந்தது. வேலாயுதம், மாரிஸ் என்று இரண்டு பெயர். ஸ்டானிஸ்லாஸின் பெயர் இல்லை. செய்தியை யாரோ மூன்றாவது ஆள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். மனுஷன் நொறுங்கிப் போனார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா என்று என்னிடம் நூறு தடவையாவது கேட்டிருப்பார்.

ஜூலையில் வேலாயுதம் காய்ச்சலில் போய்விட்டான். நாலே நாள் படுக்கை. சாவுக்குப் போன ஸ்டானிஸ்லாஸ் பின்வரிசையில் நின்றார். வந்தவர்கள் எல்லோரும் மாரிஸின் கையைப் பிடித்துத்தான் துக்கம் விசாரித்தார்கள்.

அதற்கப்புறம் ஸ்டானிஸ்லாஸுக்கு ஒரே பிடிவாதம். லைசென்ஸ் மாரிஸோடு போகட்டும். அந்த ஆறே முக்கால் வாக்கு தனக்குத் தந்தது. அது தன்னுடையது. அவருக்கும் தனியாக லைசென்ஸ் கிடைத்திருந்தது. ராத்திரி பகலாக உட்கார்ந்து நிலையத்தைக் கட்டினார்.

கடைசியாக மிஞ்சியது ஒரு சுருள். ஏரியலுக்கு இரண்டு கைகள், இரண்டும் சமமாக வேலை செய்ய வேண்டும். கருவியிலோ ஒரு முனையில்தான் உயிர், மற்றது தரையோடு சேர்ந்தது. நேராகக் கட்டினால் ஒரு கைக்கே எல்லாம் போகும். இரண்டுக்கும் சரிபாதி பிரித்துக் கொடுக்கத்தான் நடுவில் அந்தச் சுருள். காய்ந்த மூங்கில் குழாயை மெழுகில் போட்டெடுத்து, செப்புக் கம்பியைப் பக்கத்துக்குப் பன்னிரண்டு சுற்றாகச் சுற்றினார். சோதிக்க ஏரியலுக்குப் போகும் இரண்டு கம்பிகளிலும் ஒவ்வொரு டார்ச் பல்பு. இரண்டும் ஒரே மாதிரி எரிந்தால் சுருள் சரி.

ஆறு மணிக்குத் தந்தி தட்டும் சாவியை அழுத்தினார். வலது பல்பு பளிச்சென்று எரிந்தது. இடதில் பேருக்கு ஒரு சிவப்பு.

பிரித்துச் சுற்றினார். மறுபடி அதே. பல்புகளை இடம் மாற்றினார். அப்போதும் இடது பக்கம்தான் மங்கல்.

ஆறு இருபத்தொன்பது. தரைக்கம்பியில்தான் கோளாறு என்று நினைத்து, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். இரும்புக் கம்பியைச் சுரண்டி இறுக்கிக் கட்டினார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரமண்ணில் நின்ற கம்பி கைக்குச் சூடாக இருந்தது. வெயில் சூடாக இருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். அன்றைக்கு வெயிலே இல்லை.

திரும்பி வந்தபோது ஆறு நாற்பத்து நாலு. வாசலில் மனைவி மகதலேனா நின்றாள்.

"என்னங்க, அந்தச் சின்ன பல்பு ஏன் முழிச்சு முழிச்சுப் பாக்குது?"

"எது?"

"இடது பக்கத்துது. ரொம்ப நேரமா."

அவர் மேசையைப் பார்த்தார். பேட்டரிக் கம்பி தனியாகக் கிடந்தது.

இடது பல்பு எரிந்தது. அணைந்தது.

எரிந்தது... அணைந்தது...

காற்றில் வரும் சிக்னலில் பல்பு எரியாது. எரிய வேண்டுமானால் அனுப்புகிறவன் பக்கத்து அறையில் இருக்க வேண்டும். பக்கத்து அறையில் அவர்களுடைய அரிசிப் பானைதான் இருந்தது.

குறிலும் நெடிலுமாக வந்தது மோர்ஸ், தந்தி மொழி. அவர் வாய் தானாகப் படித்தது. தந்திக்காரனுக்கு மற்றவன் தட்டும் கை, முகம் மாதிரி. இரண்டு எழுத்தில் ஆள் தெரிந்துவிடும். நீளத் தட்டை ஒரு நூல் கூடுதலாக இழுப்பது ஒரே ஒருவன்தான்.

வேலாயுதம்.

ஆறு நாற்பத்தைந்து.

ஸ்டானிஸ்லாஸுக்குப் பயம் வரவில்லையாம். சந்தோஷம் வந்ததாம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். வந்துட்டான், வாக்கைக் காப்பாத்திட்டான் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பல்பு எழுதியது.

மாரிஸ்... மாரிஸ்... வா... மாரிஸ்...

அவர் காத்திருந்தார். தன் பெயர் வரும் என்று.

மாரிஸ்... மாரிஸ்...

அதே பெயர். அது மட்டும்தான்.

செத்த பிறகுமா? மனசு எரிந்தது. நாலு வருஷம் கூட இருந்தவனுக்கு ஒரு அழைப்பு கிடையாதா? பேட்டரியை மாட்டினார். சாவியைப் பிடித்தார்.

"வேணாங்க" என்றாள் மகதலேனா.

அவர் தட்டினார். ஸ்டான் இங்கே இருக்கிறேன். என்னைக் கூப்பிடு.

இடது பல்பு நின்றது.

வெளியே ஷண்டிங் எஞ்சின் சத்தமும் நின்றது.

ஒரு நிமிஷம்...

இரண்டு...

பிறகு ஐந்தே தட்டு. புள்ளி, கோடு, புள்ளி, புள்ளி, புள்ளி.

எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்.

பொறு.

இரண்டு பல்பும் ஒரே அளவில் ஒளிர்ந்தன. துளி வித்தியாசம் இல்லை. அணைந்தன.

ஆறு ஐம்பத்திரண்டு.

மறுநாள் காலை முதல் தந்தி கிள்ளானிலிருந்து வந்தது. வாங்கி எழுதியவன் நான். மாரிஸ் முந்தின நாள் சாயங்காலம் ஆறு ஐம்பத்திரண்டுக்கு இறந்துவிட்டான். வயது முப்பத்தொன்று. நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

சாவுக்கு நானும் ஸ்டானிஸ்லாஸும் சேர்ந்தே போனோம். மாரிஸின் மனைவி சூசன் எங்களைக் கருவி இருந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"பேட்டரி சார்ஜுக்குக் கடையில இருக்கு அண்ணே. செட்டுல உயிரே இல்ல. இவரு திடீர்னு ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு எழுத ஆரம்பிச்சாரு. கூப்பிட்டேன், திரும்பல."

காதில் விழுவதை அப்படியே எழுதிவிடும் பழக்கம் எல்லா ஆபரேட்டருக்கும் உண்டு. அவள் நோட்டை நீட்டினாள். மாரிஸின் பென்சில் எழுத்து. பக்கம் முழுக்க அவன் பெயரே. அடியில், ஸ்டான் இங்கே இருக்கிறேன், என்னைக் கூப்பிடு. அதன் கீழே அந்த ஐந்து தட்டு.

ஸ்டானிஸ்லாஸ் பக்கத்தின் தலைப்பைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆறு முப்பத்தெட்டு என்று நேரம் போட்டிருந்தது. அவர் தோட்டத்தில் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்த நேரம். அங்கே முதல் வரி இது.

"மாரிஸ், சீக்கிரம். ஆறே முக்காலுக்கு ஸ்டான் வந்துவிடுவான். அவனுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அவனும் வருகிறேன் என்பான்."